தவறான தோட்டா என்று எழுத வேண்டாம்

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, தம்பி சாதிக், நீங்களே குடியுங்கள். நேற்று முழுக்க என் தமிழை அரபியில் மாற்றிச் சொல்லிச் சொல்லி உங்களுக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது.

கையெழுத்துப் போடாமல் ஏன் முரண்டு பிடிக்கிறேன் என்று போலீஸ் அதிகாரி கேட்கிறார். நியாயமான கேள்விதான். நீங்கள் வாசித்துக் காட்டிய தாளில் இப்படி இருக்கிறது: மஸ்ரா என்ற தோட்டத்தின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் கனகரத்தினம், மான் வேட்டைக்குப் பொருத்தமில்லாத தோட்டாவை அறியாமையால் எடுத்துக் கொடுத்துவிட்டார், அதனால் மான்களுக்குத் தீனி வைக்கும் ரெஜின் இறந்தார். இதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் சிறிய தண்டனை, பிறகு விமானம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் மகள் குமுதினி வந்து நிற்பாள். அதிகாரி வெளியே போன நேரத்தில் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "போட்டுட்டு ஊரைப் பாத்துக் கிளம்புங்கண்ணே. அதான் உங்களுக்கு நல்லது." உங்கள் நல்ல மனது எனக்கு விளங்குகிறது. ஆனால் அறியாமை என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை.

என் முதலாளி அர்பாப்பின் மஸ்ராவுக்கு நீங்கள் போனதில்லை. அல் ஐன் போகும் வழியில், மணலுக்குள் கம்பிவேலி போட்ட பெரிய தோட்டம். அதற்குள் இறக்குமதி செய்த புள்ளிமான்கள். தோட்டம் அர்பாப்புடையது, மான் அர்பாப்புடையது, துப்பாக்கிகளின் லைசென்ஸும் அவர் பெயரில். கிழட்டு ஆண்மான்களை மட்டும், குளிர்காலத்தில், அவருடைய சிநேகிதர்கள் வந்து சுடுவார்கள். யாருக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று முடிவு செய்வது நான். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது என் வேலை. ஷேக்குகளும் டாக்டர்களும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "யா கனகா, நீ சொல்லு," என்பார்கள். நான் சொன்னதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு மிருகம் வேதனைப்படுவதை என்னால் பார்க்க முடியாது. சிரிக்காதீர்கள். வேட்டையில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். காயத்தோடு ஓடிய மான் வேலியோரம் கிடந்து மூச்சிழுப்பதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

இந்தமுறை வந்தவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், லெபனான்காரர். தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் ரைஃபிளின் உதையைத் தாங்க முடியாது. அதனால் கைத்துப்பாக்கி என்று நான்தான் யோசனை சொன்னேன். மணல்மூட்டையில் தாங்கி வைத்து இரண்டு கையாலும் பிடித்தால் தோளுக்கு வேலையில்லை. அறையில் மூன்று இருந்தன. ஒன்பது மில்லிமீட்டர் ஆட்டோமேட்டிக்கை அவர் ஆசையாக எடுத்துப் பார்த்தார். அது மனிதருக்காகச் செய்தது, அதை வைத்து மானைச் சுடுவது பாவம் என்றேன். இரண்டாவது முந்நூற்றைம்பத்தேழு மேக்னம், பழகிய கைக்கு மட்டும் சரிவரும். மூன்றாவது நீளக்குழல் ரிவால்வர், நாற்பத்து நாலு மேக்னம், மேலே தொலைநோக்கி பூட்டியது. மானுக்கு இதுதான் என்று கொடுத்தேன். அதில் பிழை ஏதும் உண்டா என்று உங்கள் நிபுணரையே கேட்டுப் பாருங்கள்.

ஒரே சங்கடம், கைத்துப்பாக்கிக்கு மான் கிட்டே வர வேண்டும். கிட்டே வர வைக்க ரெஜின் வேண்டும்.

ரெஜின் கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன். மீன்பிடிக்க வந்தவன் எப்படியோ மான்களிடம் வந்து சேர்ந்தான். தீனித் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஓலைத்தட்டி இருக்கும். அதற்குப் பின்னால் குந்திக்கொண்டு வாளியைக் குலுக்கி நாக்கால் ஒரு சத்தம் போடுவான். எந்த மானும் வந்துவிடும். மான் தொட்டியில் வாய் வைத்ததும் அவன் இடதுபக்கக் குழிக்குள் இறங்கிவிட வேண்டும். அவன் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் நான் சுடுகிறவரின் முதுகில் தட்டுவேன். நான் தட்டாமல் யாரும் சுடக்கூடாது. அது நான் போட்ட சட்டம். தொலைநோக்கிக்குள் மான் மட்டும்தான் தெரியும், தட்டியும் தெரியாது, மனிதனும் தெரியாது.

ஆனால் அவன் குழிக்குள் இறங்க அசைந்தால் மானும் தலையைத் தூக்கி அவன் பின்னாலேயே போகப் பார்க்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அவன் இறங்குவதை விட்டான். தட்டிக்குப் பின்னாலேயே இருந்து தொடர்ந்து குலுக்குவான். முதலில் நான் ஏசினேன்.

"உதென்ன விளையாட்டே? குழிக்குள்ள இறங்கு எண்டால் இறங்க வேணும்."

"ஒண்ணும் ஆவாது அண்ணே. ஒங்க குண்டு மானுக்க உள்ளயே கெடக்கும்லா. ஒருநாளாவது வெளிய வந்திருக்கா?"

அவன் சொன்னது உண்மை. மானுக்கு நான் கொடுப்பது மென்முனைத் தோட்டா. உள்ளே போனதும் முனை நசுங்கி அகன்று, அங்கேயே நின்றுவிடும். மான் நின்ற இடத்திலேயே விழும். மற்றப் பக்கம் ஒரு துளைகூட இருக்காது. என் தேர்வு அவ்வளவு சுத்தமாக இருந்தபடியால்தான் அவனுக்கு அந்தத் தைரியம் வந்தது. அதற்குப் பிறகு நான் ஏசவில்லை. அவன் இறங்காவிட்டாலும் முதுகில் தட்டினேன்.

அவனோடு எனக்கு மனத்தாங்கல் எதுவும் இருக்கவில்லை. இதை அதிகாரிக்கு அழுத்திச் சொல்லுங்கள். நல்ல பையன். அர்பாப்பின் பிள்ளைகள் அவனைச் சுற்றியே திரிவார்கள். விருந்தாளிகள் அவன் மானுக்குத் தீனி ஊட்டுவதைப் போனில் படம் எடுத்தார்கள். பிறகு பிறகு, சுட வந்தவர்களே சுடாமல் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் ஆட்கள் குறைந்தார்கள். உலகம் மாறுகிறது, அதற்கு யார் என்ன செய்வது.

ஒருநாள் அவன் அளவெடுக்கும் நாடாவோடு ஆயுத அறைக்குள் வந்தான். கதவைத் தட்டவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய், மேலும் கீழும் பிடித்து அளந்தான்.

"என்ன பாக்கிறாய்?"

"கர்ட்டனுக்கு அண்ணே." அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அர்பாப் ஒங்ககிட்ட சொல்லலியா? எனக்க வீட்டுக்காரி ஜினிக்கு அல் ஐன்ல நர்ஸ் வேல ஆயாச்சு. குவைத்துல ஃபஹாஹீல விட்டுட்டு இங்க வந்திருவா. இந்த ரூம எங்களுக்குத் தாரேன்னு சொல்லிட்டாரு. இனி வேட்டை கிடையாதாம், சும்மா மான் பாக்க வந்தாப் போதுமாம். இந்தப் பல்லு டாக்டருதான் கடைசி."

"அப்ப என்ர மேசை?"

அவன் மேசையைப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான். "ஒங்களுக்கு இனி எதுக்கு அண்ணே மேசை? எவ்வளவு காலம் கெடந்து கஷ்டப்பட்டிய. ஊருக்குப் போய் நிம்மதியா இருங்க." பிறகு, துப்பாக்கிகள் மாட்டியிருந்த சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் செவருல மாதா படம் நல்லா இருக்கும்," என்றான்.

அவன் பரிகாசம் செய்யவில்லை. பரிகாசம் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். எனக்காகச் சந்தோஷப்பட்டான். அன்று மாலை அர்பாப்பிடம் போய்க் கேட்டேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கலாஸ் கனகா, வேலை முடிந்தது," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முதலாளி.

அறையின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி கிடந்தது. முன்பு ஒரு விருந்தாளி வேறு நாட்டில் கரடி வேட்டைக்குப் போகிற வழியில் விட்டுப்போனது. அதுவும் நாற்பத்து நாலுதான், அதே ரிவால்வருக்குள் போகும். ஆனால் இறுக்கிய ஈயம், தட்டை முனை. நசுங்காது. எலும்பை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கரடிக்கு அது தேவை. மானுக்கு அதை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆயுத அறையில் முதல் வாரம் வேலை செய்கிறவனுக்கும் அது தெரியும், தம்பி. நீங்கள் எழுதியிருப்பதோ, எனக்குத் தெரியாது என்று.

நான் ஊகத்தில் வேலை செய்கிறவன் இல்லை. சமையலறைக்கு வந்த ஆட்டில் ஒரு முன்பாதியை வாங்கித் தட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். தட்டிக்குப் பின்னால் ரெஜினின் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். துப்பாக்கி சரிபார்க்கிறேன் என்று சமையல்காரனிடம் சொன்னேன். தோட்டா ஆட்டின் இரண்டு தோளையும் தட்டியையும் தாண்டி, வாளியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. எனக்குத் திருப்தி.

மறுநாள் ரெஜின் வாளியோடு வந்தான். "அண்ணே, இதுல எப்படி ஓட்ட விழுந்து? ரெண்டு பக்கமும் ஒழுவுது."

"பழசு ராசா. எறிஞ்சுபோட்டு வேற எடு," என்றேன்.

அவன் எறியவில்லை. அந்த வாளியின் சத்தம் மான்களுக்குப் பழக்கம் என்று, இரண்டு ஓட்டைகளுக்கும் கறுப்பு டேப் ஒட்டி வைத்துக்கொண்டான்.

வேட்டை காலையில் நடந்தது. நல்ல குளிர், காற்று இல்லை. மறைவிடத்தில் டாக்டருக்கு மணல்மூட்டை வைத்துக் கொடுத்தேன். வழக்கமாகத் தோளுக்குப் பின்னால் சுடச் சொல்வேன். அன்று நேரே தோளெலும்பில் வைக்கச் சொன்னேன். கடினத் தோட்டா விலாவுக்குள் போனால் விரியாமல் சும்மா துளைத்துக்கொண்டு போய்விடும், மான் ஓடி எங்கேயாவது கிடந்து சாகும். தோளெலும்பில் பட்டால் அப்படியே சரியும். மானை நான் கடைசிவரை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தட்டிக்குப் பின்னால் வாளி குலுங்கியது. பெரிய கொம்புமான் ஒன்று வந்து தொட்டியில் வாய் வைத்தது. அதன் தோளுக்கு நேர் பின்னால், ஓலையின் இடுக்கில், டேப் ஒட்டிய வாளி கறுப்பாகத் தெரிந்தது. குழி காலியாக இருந்தது. நான் நன்றாகப் பார்த்துவிட்டு டாக்டரின் முதுகில் தட்டினேன்.

மான் விழுந்தது. நான் எழுந்து போனேன். முதலில் மானிடம்தான் போக வேண்டும், அதுதான் முறை. பின்பக்கமாக வந்து, குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. அசையவில்லை. மறுபடியும் தொட்டேன், இல்லை. இதற்கிடையில் தட்டிக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, அண்ணே," என்று கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் மறைவிடத்துக்குள் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் தட்டியைச் சுற்றிப் போனேன். ரெஜின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தான். தீனியெல்லாம் சிந்தி நனைந்திருந்தது. பேச முடிந்தது அவனுக்கு. என் காற்சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்.

"குழியில எறங்கலண்ணே. எனக்க தப்புதான். அர்பாப்கிட்ட சொல்லிராதிய. ரூம தரமாட்டாரு."

"சொல்லமாட்டன்," என்றேன்.

அவன் கையை விடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். டாக்டர் கண்ணாடியைக் கண்டுபிடித்து ஓடிவரும்வரை நான் அங்கேயே நின்றேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது டாக்டர்தான். அது வரும்வரையும் ரெஜினுக்கு நினைவு இருந்தது, வந்து ஏற்றிய பிறகும் இருந்தது. மானுக்கு வருவதுபோல அவனுக்குச் சாவு சீக்கிரம் வரவில்லை. அந்தத் தோட்டாவின் குணம் அப்படி.

கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். குழியைப் பற்றி அர்பாப்பிடம் வாய் திறக்கவில்லை. குவைத்திலிருந்து ஜினி போன் எடுத்தாள். "அண்ணே, அவிய வேதனைப்பட்டாவளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள். டாக்டர் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பாவம், அவர் நன்றாகச் சுட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலுக்குக் கர்ட்டன் போடவில்லை. என் மேசை உள்ளேதான் இருக்கிறது.

குனிந்துகொண்டு எழுதாமல் இருக்கிறீர்களே, தம்பி. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, யாரும் அடித்துக் கேட்கவும் இல்லை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம், அது எனக்குத் தெரியும். குமுதினி காத்துக்கொண்டிருப்பாள் என்றும் தெரியும். ஆனால் இவ்வளவு காலம் வேலை செய்த மனிதன், எந்தத் தோட்டா எதற்கு என்று தெரியாத மடையன் என்ற பெயரோடு போய் இறங்க முடியாது. அதிகாரியைக் கூப்பிடுங்கள். அறியாமை என்பதை வெட்டச் சொல்லுங்கள். தவறான தோட்டா என்பதையும் வெட்டச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை நான் மானுக்காக எடுக்கவில்லை. மான் நடுவில் நின்றது, அவ்வளவுதான்.