ஒன்பது செகண்ட்

ரூபினி: இது... தண்ணி டேங்கர் மோட்டார். நம்ம தொம்மலூர் சந்துல வந்து நிக்குமே, அந்தப் பச்ச லாரி.

இளங்கோ: எப்படி கண்டுபிடிச்ச? சத்தத்த எட்டு மடங்கு மெதுவா இழுத்திருக்கேன்!

ரூபினி: வாரத்துக்கு ரெண்டு தடவ கீழ போய் சம்புத் தொட்டியில விடச் சொல்றது நான்தானே. என் புருஷன் நீ எங்க எறங்கி வர்ற?

இளங்கோ: சரி, நாலும் சரி. அஞ்சாவது?

ரூபினி: மெட்ரோ. மல்லேஸ்வரத்துல உங்க அக்கா வீட்டு மாடியிலேர்ந்து எடுத்தது. நடுவுல அவங்க இருமுறாங்க.

இளங்கோ: இருமல் இல்ல, மிக்ஸி.

ரூபினி: எனக்கு மிக்ஸி தெரியாதா... பாட்டு இல்ல, தாளம் இல்ல, இதுக்குப் பேரு ஆல்பம். நல்லாத்தான் இருக்கு, போ. அடுத்தது போடு.

இளங்கோ: போதும் ரூபி. ஆறு மணிக்கு வெளியிடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

ரூபினி: மொத்தம் ஆறுன்னு போட்டிருக்கே.

இளங்கோ: ஆறாவது சும்மா... ஒரு இரைச்சல்.

ரூபினி: நான் கேட்டு, எதுலேர்ந்து எடுத்ததுன்னு சொல்லி, சரின்னாதான் எதையும் வெளிய விடுவேன்னு நீதானே சொன்ன. கல்யாணத்துலேர்ந்து அப்படித்தானே நடக்குது? ஹெட்போன குடு.

இளங்கோ: பதினஞ்சு நிமிஷம் ஓடும்.

ரூபினி: ஓடட்டும்.

இளங்கோ: ...காபி போடட்டுமா?

ரூபினி: சும்மா இரு, பேசாத.

இளங்கோ: பழைய ஃப்ரிட்ஜ்தான் அது.

ரூபினி: ஃப்ரிட்ஜ் இப்படி ஏறி எறங்காது.

இளங்கோ: வாஷிங் மெஷின்னு வெச்சுக்கோயேன்.

ரூபினி: வெச்சுக்கவா... எத்தன மடங்கு இழுத்திருக்க?

இளங்கோ: நூறு.

ரூபினி: பதினஞ்சு நிமிஷம்... நூறால வகுத்தா ஒன்பது செகண்ட்... இளங்கோ, இது ஸ்கேன் சென்டர்.

இளங்கோ: ரூபி...

ரூபினி: போன் கூடாதுன்னு செவுத்துல எழுதியிருந்தது. நீ சட்டப் பையில ஆன் பண்ணி வெச்சிருந்த. அந்த டாக்டரம்மா, "கேளுங்க, நல்லா துடிக்குது"ன்னாங்க.

இளங்கோ: மூணே வாரம். அப்புறம் அதே ரூம்ல... ஒண்ணுமே கேக்கல.

ரூபினி: அழிச்சுடுன்னு சொன்னேன். அழிச்சுட்டேன்னு சத்தியம் பண்ணின.

இளங்கோ: பொய் சொன்னேன். கை வரல. நம்ம புள்ள நமக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.

ரூபினி: அத இனி ஊரு கேக்கும். பொம்மனஹள்ளியில பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு எவனோ ஒருத்தன் கேப்பான்.

இளங்கோ: கேட்டாலும் யாருக்கும் தெரியாது. ஏதோ அலைன்னு நெனப்பாங்க.

ரூபினி: அதுக்காகவா இழுத்த?

இளங்கோ: இல்ல... நெஜத்துல என்னா வேகம் அது, கேட்டேல்ல? வந்ததும் தெரியல, போனதும் தெரியல. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு... அதான். ஐயோ, அழாத. வேண்டாம்னா எடுத்துடறேன். அஞ்சோட விட்டுடலாம். ஒரு வருஷமா செஞ்சது, பரவால்ல. இந்தா மவுஸ், நீயே அழி.

ரூபினி: மணி என்ன?

இளங்கோ: அஞ்சே முக்கால். சொல்லு ரூபி, எடுத்துடவா?

ரூபினி: இது முழுசு இல்ல.

இளங்கோ: என்ன?

ரூபினி: கடைசி ரெண்டு செகண்ட வெட்டிட்ட.

இளங்கோ: அதுல நீ சிரிக்கிற. மத்ததெல்லாம் கேட்டுட்டேன், அத மட்டும் என்னால கேக்க முடியல... இரு. ரெண்டு செகண்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ அத ஒரு தடவகூட கேட்டதில்லையே.

ரூபினி: அழிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே உன் போன்லேர்ந்து எனக்கு அனுப்பிக்கிட்டேன். தெனம் ஆபீஸ் பஸ்ல ஏறி ஒக்காந்ததும் பதினோரு செகண்டும் கேக்கறேன்... அந்தச் சிரிப்பு நம்ம புள்ளைக்குக் கேட்டிருக்கும்ல? அதையும் சேத்து இழு இளங்கோ. ஆறு மணி தாண்டினா தாண்டட்டும்.