எட்டு மணி மாத்திரை

என் பெயர் அருள்பாண்டி. வயது இருபத்து நான்கு. மதுரை செல்லூரில், தறிக்கூடத்துக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் இருக்கிறேன். அக்கா, இதெல்லாம் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீ திருப்பூரிலிருந்து வந்ததும் இதை டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும், அதனால் சொல்லிவைக்கிறேன். கை நடுங்குவதால் தட்ட முடியவில்லை. ஃபோனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

எனக்கு உலர்திராட்சை பிடிக்காது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிம்மக்கல்லில் ஒரு மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த வகுப்பைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். தீராத மனநோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கான வகுப்பு, எட்டு வாரம். நம் விருமாண்டி அண்ணனுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் சீட்டுக் கொடுத்தார்கள். பதின்மூன்று பேர். என்னைத் தவிர எல்லோரும் யாருக்காவது அம்மா, இல்லாவிட்டால் மனைவி. ஜானு மேடம் முதல் நாள் ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுத்து, விழுங்காமல் நாக்கில் வைத்துக் கவனிக்கச் சொன்னார். மனதில் எது வந்தாலும் தள்ளவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம், வந்தது என்று குறித்துக்கொண்டால் போதும் என்றார். வீட்டில் பழக ஒரு பொட்டலம் திராட்சையும் கொடுத்துவிட்டார். நல்ல பெண்மணி. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதுவரை ஏழு மாதமாக நான் சரியாகத் தூங்கியதில்லை. அம்மா போன பிறகு அண்ணனை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்துக்கொண்டது நான்தான். குறையாகச் சொல்லவில்லை, உனக்குக் குடும்பம் இருக்கிறது. அவன் எழுந்து எங்காவது போய்விடுவான் என்று என் கைலி முனையை அவன் கைலியோடு முடிந்துகொண்டு படுப்பேன். அவன் புரளும்போதெல்லாம் விழித்துக்கொள்வேன். பகலில் தறி முன்னால் நிற்கும்போது கண் சொக்கும். முதலாளி நல்லகாமன் அண்ணன் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மாப்ள, தூங்குறதுன்னா மேல போயித் தூங்கு. இங்கன தூங்குனா கை போயிரும்" என்றார்.

இரண்டாவது வாரம் அண்ணன் மாத்திரை வேண்டாம் என்றான்.

"நீ மொதல்ல தின்னு. வெசம் இல்லேன்னா ஒனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல."

நியாயமான பேச்சு. ஒன்றை விழுங்கிக் காட்டினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனும் ஒன்று போட்டுக்கொண்டான். மறுநாள் நான் விழித்தபோது வெயில் பாய்வரைக்கும் வந்திருந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முடிச்சை அவிழ்த்தால் நான் விழித்துவிடுவேன் என்று அப்படியே காத்திருந்தானாம்.

மாதத்துக்கு முப்பது மாத்திரைதான் தருவார்கள். இரண்டு பேர் சாப்பிட்டால் பதினைந்து நாள்தான் வரும். ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தறியில் நிற்பவன் நான். நான் தூங்காவிட்டால் இருவருக்குமே சோறில்லை. மாத்திரை வேண்டாம் என்று சொன்னவனும் அவன்தான். நான் அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யவில்லை.

அப்போதுதான் அந்தத் திராட்சைப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

தினமும் இரவு எட்டு மணிக்கு எதிரெதிரே உட்காருவோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி அவன் உள்ளங்கையில் ஒரு திராட்சையை வைப்பேன். மேடம் சொல்லிக்கொடுத்தபடியே, அவசரப்படாமல் நாக்கில் வைத்துக் கவனிக்கச் சொல்வேன். அவனும் கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பான். அந்த நேரத்தில் நான் அவனுடைய மாத்திரையை விழுங்குவேன். ஒருநாள் கண்ணைத் திறந்து, "டேய் தம்பி, இது இனிக்குதுடா. இம்புட்டு நாளா எல்லாரும் கசப்பக் குடுத்து ஏமாத்திருக்காய்ங்க. நீ ஒருத்தன்தான் நல்லதக் குடுக்குற" என்றான். அவன் யாரையாவது நம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆறாவது வாரம் வகுப்பில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். எத்தனை தடவை கோபம் வந்தது, தூக்கம் எப்படி, அழுகை வந்ததா என்றெல்லாம். எல்லோரையும்விட நான்தான் நன்றாக இருந்தேன். ஜானு மேடம் என்னை முன்னால் நிற்கவைத்துப் பேசச் சொன்னார். மூச்சைப் பார்க்கிறேன், வேறொன்றும் இல்லை என்றேன்.

கனகலட்சுமி அக்கா என்று ஒருவர், பதினான்கு வருடமாகக் கணவரைப் பார்த்துக்கொள்கிறவர், "இந்தப் பயலுக்கு இனிக் கல்யாணம் எதுக்கு, சாமியாராப் போயிரலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. நெசமாவே மூச்சப் பாத்துத்தான் இப்படி இருக்கியா?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்குத்தான் செய்யத் தெரியல போல" என்றார். அதற்கப்புறம் அவர் விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்து மூச்சைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு ஒன்றும் சரியாகவில்லை.

ஏழாவது வாரம் அண்ணன் சோற்றைத் தொடவில்லை. கீழே ஓடும் தறி பேசுகிறது என்றான். நான் ஃபோனில் சொன்னபோது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றாய். போகிறேன் என்றுதான் சொன்னேன். டாக்டர் மாத்திரையை மாற்றிவிடுவாரோ என்ற யோசனை ஒன்று இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை மதியம் அவன் தறிக்கூடத்துக்கு இறங்கிவந்தான். வாசலிலிருந்து என் தறிக்குப் பத்தடி இருக்கும். வருகிறான் என்று பார்த்தேன். ஓடுகிற தறிக்குள் கையை நீட்டுகிறான் என்றும் பார்த்தேன். பதற்றமே வரவில்லை. நல்லகாமன் அண்ணன்தான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். அதற்குள் வலது கையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது. ஆட்டோவில் அவன் அழவில்லை.

"ஒன்னையக் கொல்லப் போறேன்னு சொன்னுச்சுடா. அதான் நிறுத்துனேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில், மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்டார்கள். ஒருநாள் தவறாமல் என்று சொல்லி, சேர்த்துவைத்திருந்த காலி அட்டைகளைக் காட்டினேன். டாக்டர் என் தோளில் தட்டினார். இவ்வளவு பொறுப்பாகக் கொடுத்தும் இப்படியென்றால் இந்த மாத்திரை இவருக்குக் கேட்கவில்லை என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார். இனித் தலையில் கரண்ட் வைத்துப் பார்க்க வேண்டும், குடும்பத்தில் மூத்தவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார். அதற்குத்தான் உன்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் வார்டில் இருக்கிறான். இன்றோடு ஒன்பது நாள். அட்டை காலி. நான் ஒன்பது நாளாகத் தூங்கவில்லை. மூச்சைப் பார்த்தேன். திராட்சையையும் தின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் கேட்கிறேன் அக்கா, கையெழுத்துப் போடாதே. இதை டாக்டரிடம் படித்துக் காட்டு. மாத்திரை கேட்காமல் போகவில்லை, அது அவன் வாய்க்குப் போகவே இல்லை என்று சொல். அதே மாத்திரையை மறுபடி எழுதித் தருவார்கள். அண்ணனைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அவன் உன் கையால் எதையும் வாங்கித் தின்னமாட்டான், என்னைத்தான் நம்புவான். மாத்திரையை வாங்கியதும், எண்ணாமல், அப்படியே என் கையில் கொடுத்துவிடு.