பினாங்கு மணி

— அந்தக் கடுதாசிய மறுபடியும் வாசிளா. உரக்க வாசி. கடையில நிக்கவனும் கேட்டுச் சிரிக்கட்டும்.

— மூணு நாளா இதையே வாசிக்கச் சொல்லுதிய ஐயா. "காலை ஆறு மணிக்குப் பினாங்கில் விமானம் ஏறினேன். பகல் பன்னிரண்டேகாலுக்குக் கொழும்பில் இறங்கினேன். தங்கள் மகள் சண்முகத்தாயை எனக்கு…"

— போதும், போதும். ஒம் பேர அவன் எழுதத் துணிஞ்சதே தப்பு. சப்பான்காரன் பினாங்க விட்டு ஓடி ரெண்டு வருசம் ஆவல, அதுக்குள்ள தொரைக்கு ஏரோப்ளேன் கேக்குதோ? பனையேறி மவன் வீரபாகு ஆகாசத்துல ஏறினானாம்!

— நம்ம தாத்தாவும் பனையேறுனவருதான்.

— வாய மூடு, மூதி. கப்பலாபீஸ் கிளார்க்கு சுந்தரராஜ்ட்ட கேட்டுட்டேன். பினாங்குத் தீவுக்கும் கொழும்புக்கும் ஆயிரத்து நானூறு மைலு. ஏரோப்ளேன் மணிக்கு நூத்தியெழுவது மைலு போவுமாம். எத்தன மணி நேரம் ஆவும்? நீதான் எட்டாங்கிளாஸ் படிச்சவளாச்சே, சொல்லு.

— எட்டேகாலு.

— இவன் ஆறேகால்ல வந்துட்டானே! மிச்சம் ரெண்டு மணி நேரத்த எவன் தின்னான்? இந்தப் பய ஏரோப்ளேனக் கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டான். பினாங்குல எவன் கடையிலயோ எச்சித் தட்டு கழுவிட்டு, கப்பல் டெக்குல சுருண்டு கெடந்து வந்திருப்பான். இந்தப் புளுகனுக்கா இந்த அய்யாக்குட்டி தன் பொண்ணக் குடுப்பான்? த்தூ!

— புளுகு இல்ல ஐயா. பினாங்குக் கடியாரம் வேற, கொழும்புக் கடியாரம் வேற.

— ஆமா, தீவுக்கு ஒரு சூரியன்! ஏளா, முப்பது வருசமா கொழும்புக்குத் தோணி விடுதவன் நான். இங்கன என்ன மணியோ அதுதான் அங்கனயும். எனக்கா கடல் தாண்டுன கணக்குச் சொல்லித் தாரே?

— கொழும்பு நமக்குத் தெக்க கெடக்கு, அதான் மணி ஒத்துப்போவுது. பினாங்கு கெழக்க ரொம்பத் தூரம். அங்கன முந்தி விடிஞ்சிரும். அங்க ஆறு மணின்னா இங்க நாலு.

— யாருளா சொன்னா இதெல்லாம்? நேத்து அத்தைகூடத் திருச்செந்தூர் போயிட்டு வந்ததுலேருந்து ஒம் பேச்சே ஒரு தினுசா இருக்கு.

— கடைக் கடியாரத்துல இப்ப மணி என்ன?

— பத்து. அதுக்கென்ன?

— இதுல பன்னெண்டு. பாருங்க.

— ஏது இந்தக் கைக்கடியாரம்?

— அவரோடது. பினாங்குல வச்ச முள்ள இன்னும் திருப்பல. ரெண்டு மணி நேரத்த எவன் தின்னான்னு கேட்டியளே, எவனும் திங்கல. இதுலதான் இருக்கு.

— ஆறும் எட்டேகாலும்… அதுல ரெண்டு போனா… சரி, கணக்கு ஒத்து வருதுன்னே வச்சுக்க. கணக்கு ஒத்து வந்தா, பனையேறி மவன் எனக்கு மருமவன் ஆயிருவானா? அந்த நாயோட சாமான் என் வீட்டுல எதுக்கு? கழட்டு. அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டு வாரேன்.

— கடியாரத்தக் கழட்டித் தாரேன் ஐயா. நேத்து செந்தூர்ல அவரு எங் கழுத்துல கட்டுனத என்ன செய்ய?