பீல் பஸ்ஸில் ஒரு பொம்மர்

“பொம்மரைக் கொண்டுபோய்ப் பிள்ளையின்ர அறையில தொங்க விடுவினமோ?”

கேட்டது மனைவி. சுவிஸின் பீல் ரயில் நிலையத்தில் பஸ் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். கணவனின் மடியில், மெல்லிய மரத்தாலும் கடதாசியாலும் அவரே செய்த குண்டுவீச்சு விமான மாதிரி ஒன்று, இரண்டு தட்டுச் செட்டைகளோடு தும்பி போல இருந்தது. வெளியே ஒரே பனிமூட்டம். என் மகன் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒட்டுக் கேட்பது பிழையோ என்று யோசித்தேன். ஆனாலும் கேட்டேன்.

“இது இங்கிலாந்துக்காரர் அந்தக் காலத்தில செய்து பாத்தது. ஒண்டே ஒண்டுதான் செய்தவங்கள். சரிவராது எண்டு விட்டிட்டாங்கள். ஒரு குண்டும் போடேல்லை, சத்தியமா.”

“போடாட்டிலும் பொம்மர் பொம்மர்தான். உங்களுக்கு வேற பிளேன் கிடைக்கேல்லையோ?”

“செட்டைக்குச் செட்டை எவ்வளவு கம்பி இழுத்திருக்கு, பாரும். நாள் முழுக்க பக்டரியில மணிக்கூட்டுக்கு முள்ளுப் பூட்டுற கை. இதைக் கண்டால் விடுமோ?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு விரலால் செட்டையின் ஓரத்தை மெல்லத் தடவினாள்.

“சின்னனில, ஊரில சண்டை நேரம், நான் ஒருநாளும் பொம்மரைக் கண்டதில்லை. பங்கர்க் குழிக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு இருப்பன். சத்தம் மட்டும்தான் தெரியும்.”

“ம்.”

“இது சத்தம் போடுமோ?”

“இல்லையப்பா. காத்து வந்தால் ஆடும். அவ்வளவுதான்.”

பஸ் இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டியது.

“சரி, தொங்க விடுங்கோ. ஆனா கட்டிலுக்கு நேர மேல வேண்டாம்.”