ஜன்னலோரம் பன்னிரண்டு ஞாயிறு

கலர் படத்தில் முதலில் கண்ணில் படுவது சட்டைதான், மேடம். முகம் அதற்கப்புறம்தான். வேண்டுமானால் உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்றுதான் பேசிக்கொண்டிருப்பீர்கள். கறுப்பு வெள்ளையில் அந்த வம்பு கிடையாது. எண்பது வருஷத்துக்கு முந்தைய படமாக இருந்தாலும், இந்த ஆள் அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றும். இவ்வளவு வசதி வந்த பிறகும் ஜனங்கள் ஃபிலிமைத் தேடிக்கொண்டு வருவது அதனால்தான். இதையெல்லாம் உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுத வேண்டாம். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்களே என்று சொன்னேன்.

வயிற்றுப்பாட்டுக்கு நானும் கலர்தான் எடுத்தேன். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிரே ஸ்டுடியோ. ஒரு நாளைக்கு அறுபது முகம், பின்னால் வெள்ளைத் திரை, இரண்டு காதும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. வீட்டில் கலர் படம் ஒன்றுகூடக் கிடையாது, ஃபோனிலும் எடுக்கமாட்டேன். என் மனைவியின் அண்ணன் கப்பலில் டாக்டராக இருக்கிறார். என்னைக் 'கறுப்பு வெள்ளை மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான் என்றாலும் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் புகைப்படக் கழகம் வருஷா வருஷம் கண்காட்சி வைக்கும். ஆறு வருஷம் என் மனைவியின் படங்களை அனுப்பினேன், ஆறு வருஷமும் திரும்பி வந்தன. நடுவராக இருந்த பெரியவர் ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "முகம் வட்டமா, நிறைவா இருக்கு தம்பி. வெளிச்சம் வழுக்கிட்டுப் போயிடுது. அதுக்கு நிக்க இடமே இல்ல." வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். உங்கள் பரிசுக்காக நான் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அதைச் சொல்லியே என்னைக் கிண்டலடித்தாள்.

இந்த வருஷம் அவள் தானாகவே இளைக்க ஆரம்பித்தாள். தானாகவே என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாய் சாப்பிடுவாள், தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள். ஒரு ஞாயிறு காலை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து, கன்ன எலும்புக்குக் கீழே தங்கியது. அப்படியே இரு என்றேன். தொடரின் முதல் படம் அது. பன்னிரண்டு ஞாயிறு, பன்னிரண்டு படம் என்று அன்றைக்கே மனதில் முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சீப்பை வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் தடித்துப்போனது. கறுப்பு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். கறுப்புக்குப் பக்கத்தில் முகம் இன்னும் எடுப்பாக வந்தது.

நான்காவது வாரம், "ஏங்க, கண்ணு மஞ்சளா தெரியுதே, பாத்தீங்களா?" என்றாள். மிஷினில் அன்று மஞ்சள் துணி இருந்தது. அதன் சாயலாக இருக்கும் என்றேன். அந்தத் துணி உண்மையாகவே மஞ்சள்தான், நான் பொய் சொல்லவில்லை.

அதே வாரம் கப்பலிலிருந்து அவள் அண்ணன் பேசினார். அங்கிருந்து குரல்தான் வரும், அதுவும் விட்டு விட்டு. எப்போதாவது ஒரு படம் போய்ச் சேரும். அவளிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, கண்ணு வெள்ளையா இருக்கான்னுதான் எனக்குத் தெரியணும். ஒரு படம் அனுப்புங்க. இந்த ஒரு தடவையாவது கலர்ல எடுங்க" என்றார். நான் வழக்கம்போல் எடுத்து, பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்டை ஃபோனில் பிடித்து அனுப்பினேன். அவர் சிரித்தார். நீங்கள் திருந்தவே மாட்டீர்கள் என்றார். "ஆனா மஞ்சளா இருந்தா உங்க படத்துல அழுக்காவாவது தெரியும். இதுல பளிச்னு இருக்கு. ரத்தம் கம்மியா இருக்கும். சத்து மாத்திரை வாங்கிக் கொடுங்க, நான் கரைக்கு வந்ததும் பாக்கறேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அழுக்காகத்தான் தெரிந்திருக்கும். அவருக்கென்று முதலில் எடுத்த ஒரு படத்தில் தெரியவும் செய்தது. விழியின் வெள்ளை சாம்பல் பூத்தமாதிரி இருந்தது.

இப்போது ஒவ்வொரு படத்தையும் எப்படி எடுத்தேன் என்று நான் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். நான்காவது ஞாயிறு என்ற வரியைச் சிவப்பில் கோடிட்டிருக்கிறீர்கள். 'மஞ்சள் ஃபில்டர், ஒரு ஸ்டாப் கூடுதல்.' ஸ்டாப் என்றால் ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு. யாரோ ஒரு புகைப்படக்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள். வானத்தைக் கறுக்க வைத்து மேகத்தை எடுத்துக் காட்டத்தான் அந்தக் கண்ணாடியைப் போடுவார்கள் என்று அவர் சொன்னாராம். அறைக்குள் ஏது வானம் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி வைத்தால் மஞ்சளாக இருப்பதெல்லாம் படத்தில் வெள்ளையாக வரும். ஒரு முகத்தில் சுத்த வெள்ளை இருக்கும் ஒரே இடம் கண்தான் மேடம். அது போனால் படமே போச்சு.

மேல் வீட்டம்மா ஒருநாள் வாசலில் நிறுத்தி, உங்கள் வீட்டுக்காரம்மா கண் ஏன் இப்படி இருக்கிறது, காட்டக் கூடாதா என்றார். அவள் அண்ணனே டாக்டர், படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். அந்தம்மா மாடிப்படி ஏறிப் போய்விட்டார். தையல் அறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடி படத்தில் விழுந்து தொந்தரவு செய்ததால் அதை ஐந்தாவது வாரமே எடுத்து வெளியே வைத்திருந்தேன். குளியலறைக் கண்ணாடியும் ரசம் போனது. அதனால் அவள் தன் முகத்தை என் பிரிண்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல நல்லாத்தானே இருக்கேன்?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன்.

ஒன்பதாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பத்தாவது வாரமும் சொன்னாள். அங்கே போனால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், முகம் உப்பிவிடும், இரண்டு மூன்று ஞாயிறுதான் பாக்கி என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "பரிசு கெடைச்சதும் கூட்டிட்டுப் போவீங்கல்ல?" என்றாள். சத்தியமாக என்றேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு குளிர்ஜுரம். உட்கார முடியவில்லை. நாற்காலி முதுகோடு சேர்த்து இடுப்பைக் கறுப்புத் திரைத்துணியால் கட்டினேன். சட்டையும் கறுப்பு என்பதால் படத்தில் தெரியாது. ஃபில்டர் போட்டால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும், நடுக்கம் ஆகாது. நடுக்கம் அடங்கும்வரை இருபது நிமிஷம் காத்திருந்தேன். அடங்கியது. எடுத்தேன். ஃபிலிம் சுருளைக் கழற்றி, அதன் காகித உறையை ஒட்டி, தேதி எழுதி வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

பித்தப்பைக் கல் நழுவி வந்து பித்தநீர்க் குழாயை அடைத்துக்கொண்டதாம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் குழாய் விட்டு எடுத்திருப்போம், மூன்று நாளில் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அவள் மறுநாள் மதியம் போய்விட்டாள். நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவள் கேட்பதற்கு முன்பே தெரியும். ஒரு நாளைக்கு அறுபது முகத்தின் நிறத்தைச் சரிசெய்து கொடுப்பவன் நான். எனக்குத் தெரியாத மஞ்சளா?

பன்னிரண்டு படங்களும் சேர்ந்து கண்காட்சியில் முதல் பரிசு வாங்கின. கரைக்கு வந்த அவள் அண்ணன் கடைசிப் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றார். கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் யாரோ ஃபோனில் எடுத்த கலர் படம் ஒன்றை என் ஃபைலில் குத்தி வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். யாரோ முன்பின் தெரியாத பெண் மாதிரி இருக்கிறது. பதினாறு வருஷம் கூட இருந்திருக்கிறேன் மேடம், அந்த நிறத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை.