லாரியில் யாரும் தூங்கக் கூடாதாம்

“ஹலோ… ஆமா, அவர் போன்தான்… இல்ல, அவர் இல்ல. நான் அவர் வீட்டுக்காரி பேசுறேன். நீங்க யாரும்மா?… யாரு?… எந்தக் கம்பெனி?”

லாரிக்காரர் மனைவிக்குத் தெருவில் ‘டெஸ்டர்’ என்று பெயர். பால் வாங்கினால் ஒரு சொட்டைத் தரையில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கூடப்பிறந்த தம்பி கதவைத் தட்டினாலும், குரலை இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கை வைப்பாள். அப்படிப்பட்டவளிடம், மதியச் சாப்பாடு முடிந்து தெருவே சாய்ந்து கிடக்கும் நேரத்தில், புருஷனின் போனில் ஒரு பெண் குரல். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மிஷின் சட்டென்று நின்றது. நூல் அறுந்துவிட்டது என்று பின்னால் சொன்னார். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

“லாரி செஞ்ச கம்பெனியா… சரி… சரி… அவங்களுக்கு என் வீட்டுக்காரர்கிட்ட என்ன பேச்சு?… வண்டியைக் கொண்டாந்து காட்டணுமா? எதுக்கு?… ஒயரா?… தீப்பிடிக்குமா?… ஏம்மா, ரெண்டு வருஷமா வெயில்ல காஞ்சு மழையில நனைஞ்சு ஓடுற வண்டி. இத்தனை நாள் பிடிக்காத தீ, உங்க போன் வந்ததும் பிடிக்குமா?… சரி, சொல்லுங்க, கேக்குறேன்… பேட்டரியிலேர்ந்து வர்ற தடி ஒயரு… ஆமா, சீட்டுக்குப் பின்னாடி படுக்கை இருக்கு… அதுக்கு அடியிலயா… கிளிப்பு போட மறந்துட்டீங்களா? எல்லா வண்டியிலயுமா? நல்ல கம்பெனிதான்… ம்… இரும்புல உரசி… ஆமா… தோல் உரிஞ்சு… ஆமா, ஆமா… வண்டி சும்மா நின்னாலுமா? சாவியை எடுத்துட்டாலுமா?”

அவள் குரலில் கொஞ்சம் ஈரம் தட்டியது. அடுத்த வார்த்தையில் அதுவும் காய்ந்துபோனது.

“செலவே இல்லையா? ஓசியிலயா செஞ்சு தர்றீங்க?… ஏன்?… இல்ல, ஏன்னு கேக்குறேன். பஞ்சருக்குக் காத்தடிக்கிறவன்கூட ஓசியில அடிக்கிறதில்ல… சரி, விடுங்க. அதுவரைக்கும் என்ன செய்யணும்?… வீட்டை ஒட்டி நிறுத்தக் கூடாது… ம்… அப்புறம்?… என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க… வண்டியில யாரும் தூங்கக் கூடாதா?”

சாயம் வெளுத்துவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

போன வாரம் லாரிக்காரரின் அக்கா வந்திருந்தபோது, “உங்க தம்பி குறட்டைக்கு லாரி மேடு ஏறுற சத்தமே தேவலாம்” என்று இவள் சொல்லிவிட்டாள். அக்கா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. “லாரி என்னைக் குறை சொல்லாது” என்று தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பியவர்தான். வீட்டு ஜன்னலை ஒட்டி நிறுத்தியிருக்கும் லாரியிலேயே அன்றிலிருந்து படுக்கை. சாப்பாடு தூக்குப் பாத்திரத்தில் லாரிப் படிக்குப் போகும், காலிப் பாத்திரம் அதே படிக்குத் திரும்பும். பேச்சு வார்த்தை கிடையாது. லாரியிலிருக்கும் சார்ஜர் செத்துவிட்டதால் போன் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். போனுக்கு இருந்த மானம் கெட்ட தைரியம் மனிதருக்கு இல்லை. யார் முதலில் பேசுவது என்பதில் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

“என்ன வாங்கித் தர்றேன்னாரு?… அதான், இப்படிப் பேசுறதுக்கு… நடிக்காதம்மா. நேரா உள்ள வர வீம்பு விடல. கம்பெனி பேரைச் சொல்லி பயமுறுத்தினா, அவளே ஓடி வந்து கூப்பிடுவான்னு சொல்லிக் குடுத்திருக்காரு… வண்டி நம்பரா? அது எங்க தெரு நாய்க்கே தெரியும்… சேசிஸ் நம்பரா? அவர் வண்டி நம்பர் அவருக்குத் தெரியாதா, அதையும் சொல்லிக் குடுத்திருப்பாரு.… நீ அவர் அக்கா பொண்ணுதானே? மூக்கால பேசினா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா?… ஜலதோஷமா? இருக்கட்டும், இருக்கட்டும்.”

அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். போனை வைக்கவில்லை.

“சரி, சொல்லு. என்ன அறிகுறி?… சார்ஜர் வேலை செய்யாதா… அது… அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்… வேற?… உள்ள இருக்கிற லைட்டு தானா மினுக்குமா?… யாரும் தொடாமலா?”

இங்கேதான் அவள் கொஞ்சம் தடுமாறினாள். இரண்டு மூன்று நாளாக லாரிக்குள் லைட் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. தனக்குத்தான் சைகை செய்கிறார் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு தடவையும் திரையை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். இழுத்தாளே தவிர, இன்றைக்குத் தூக்குப் பாத்திரத்தில் ஒரு முட்டை கூடுதலாகப் போயிருந்தது.

“இல்லம்மா, அது அவர் போடுறது… எனக்குத்தான்… புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், உனக்கெதுக்கு… ம்… ம்… சரி, பாத்தே சொல்றேன். வைக்காத.”

திரையை ஒரு விரல் அளவு விலக்கினாள். லாரி ஜன்னலுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே லைட் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கூடவே குறட்டை.

லாரிக்காரருக்குக் குறட்டை இரண்டு வகை. தண்ணீர் பிடித்து வரச் சொன்னாலோ மாமனார் வந்தாலோ விடுவது ஒன்று. அது அளந்து வைத்தாற்போல் சீராக வரும். இன்னொன்று நிஜம். மேலே ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றுவிடும். செத்தாரா பிழைத்தாரா என்று கேட்பவர் எழுந்து உட்காரும் வரை நின்று, பிறகு ஒரு விசிலோடு இறங்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

குறட்டை ஏறியது. நின்றது. அந்த இடைவெளியில் லைட் இரண்டு தடவை மினுக்கியது. பிறகு விசில்.

“ஏம்மா… அந்த மனுஷன் நிஜமாத் தூங்குறாரு… ஆமா… நிஜக்குறட்டைதான், எனக்குத் தெரியாதா… லைட்டு மட்டும் தானா… ஆமா, ஆமா, ஓடுறேன். நீ வைக்காத.”

செருப்புகூடப் போடவில்லை. லாரிக் கதவருகே போனதும் பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியது. முதலில் தான் பேசுவதில்லை என்று எந்த நாக்கு சபதம் செய்ததோ, அதே நாக்குதான்.

“ஏங்க… ஏங்க, எந்திரிங்க… கூப்பிட்டுக்கிட்டுத்தான்மா இருக்கேன்… அசையவே மாட்டேங்குறாரு… காலைப் பிடிச்சு இழுக்கவா?… இழுத்துட்டேன்… எறங்கிட்டாரு, தலகாணியோட… ஐயோ, சண்டையை அப்புறம் வச்சுக்கலாங்க, தள்ளி நில்லுங்க… உனக்கில்லம்மா, அவருக்கு… மெயின் ஸ்விட்சா? எங்க?… பேட்டரிப் பெட்டி பக்கத்துல, சிவப்பா… ஏங்க, சிவப்புத் திருகாம், திருகுங்க… ஆமா… ஆமா… அணைஞ்சுடுச்சு.”

லாரிக்காரர் மெத்தையைப் புரட்டினார். அடிப்பக்கம், சரியாக முதுகு படும் இடத்தில், ஒரு தோசைக்கல் அளவுக்குக் கருகியிருந்தது. கீழே ஒயரின் செம்பு பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஊசியும் கையுமாக நடுத்தெருவுக்கே வந்துவிட்ட தையல்காரம்மா, அந்தக் கருகலை ஊசியாலேயே குத்திப் பார்த்தார்.

“…இருக்கேன்மா… பாத்துட்டோம்… அவருக்கு ஒண்ணும் இல்ல… இல்ல, அழல, தூசி… நீ அக்கா பொண்ணு இல்ல, ஒத்துக்குறேன். மனசுல வச்சுக்காத… வண்டியை இழுத்துட்டுப் போக ஆள் அனுப்புறீங்களா? வர்ற ஆள்கிட்ட கம்பெனி அட்டை இருக்குமா?… ஆமா, பாத்துட்டுத்தான் விடுவேன்… என்ன? அதுவரைக்கும் அவர் எங்க படுப்பாரா? அது கம்பெனி கேக்கச் சொன்னதா, இல்ல அவர் கேக்கச் சொன்னாரா?”

லாரிக்காரர் வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றார். அவள் தலையணையைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். பொசுங்கல் நாற்றம் இல்லை. திருப்பி அவர் கையிலேயே திணித்து, கதவை அகலமாகத் திறந்து விட்டாள். அவர் தலையைக் குனிந்து உள்ளே போனார்.

“வேலை முடிய எத்தனை நாளாகும்?… அவ்ளோதானா?… இல்லம்மா, எங்களுக்கு அவசரமே இல்ல. நிதானமாப் பாருங்க. கிளிப்பு ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க… ம்… ம்… என்ன சத்தமா? அவர்தான். உள்ள போய்ப் படுத்துட்டாரு… எங்க தூங்குறாரு? நல்லாக் கேளு, எவ்ளோ சீரா வருது. இது பொய்க்குறட்டை… வைக்கிறேன்மா.”