சீவி விட்ட கயிறு

கயிறு வாங்கும்போது புதுக் கயிறு வாங்கக் கூடாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பாப்பினோ தம்பி. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் போலீஸ் படிவத்தில் கார் மீன் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கவசமீன் என்போம். அதன் வாய் முழுக்க எலும்பு, கொக்கி இறங்காது. அதனால் நைலான் கயிற்றில் ஒரு சாண் வெட்டி, முறுக்கைப் பிரித்து, நாய்க்கு வைத்திருக்கும் சீப்பால் பஞ்சு மாதிரி சீவித் தண்ணீரில் விடுகிறோம். மீன் கடிக்கும். அத்தனை ஊசிப் பல்லிலும் நூல் மாட்டிக்கொள்ளும். புதுக் கயிறு விறைத்துக்கொண்டு நிற்குமே தவிர, பல்லில் சுற்றாது. மஞ்சள் கயிறு நம் ஓடையின் கலங்கலில் எடுபடாது. மூன்று கோடை வெயில் தின்ற வெள்ளைக் கயிறுதான் வேண்டும். கடித்தவுடன் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பதறாத காரியம் சிதறாது. அது மென்று மென்று தன் வாயைத் தானே கட்டிக்கொள்ளும். மீனைத் திரும்ப விடுவதென்றால் கடைசி நூல்வரை எடுத்துவிட்டுத்தான் விட வேண்டும், இல்லையென்றால் வாய் கட்டியபடியே பட்டினியில் செத்துப்போகும். ஓர் உயிரை அப்படித் தவிக்க விட எனக்கு மனம் வராது.

அப்படிப்பட்ட கயிறு எங்கள் ஓடையில் ஒரே இடத்தில்தான் இருந்தது. தியோஜெனின் படகுவீட்டைக் கட்டியிருந்த கயிறு.

தியோஜென் என் மனைவி எலோடியின் தம்பி. போன ஆகஸ்டில், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி என் படகுத்துறையில் கொண்டுவந்து கட்டினான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் பதினோரு மாதம் இருந்தான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. காலை ஐந்து மணிக்கு அக்கார்டியன் வாசிப்பான். தெரிந்தது ஒரே பாட்டு, அதிலும் பாதிதான். நான் கவசமீனைத் தகரம் வெட்டும் கத்தரியால் உரித்து, சுரண்டி, உருண்டை பிடித்துப் பொரித்து வைத்தால், ஆறு உருண்டையை விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி மச்சான்" என்பான். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஜூலையில் நம் ஊர்ப் போட்டி நடந்தது. அன்றைக்குப் பிடிபடும் பெரிய கவசமீன் யாருடையதோ, அவர் பெயரை இரைக்கடைப் பலகையில் வண்ணத்தில் எழுதுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்தப் பலகைக்காகத் தண்ணீரில் கிடக்கிறேன். நான்கு முறை இரண்டாமிடம். இரண்டாமிடத்துக்குப் பலகை கிடையாது, ஒரு தொப்பி தருவார்கள். வீட்டில் நான்கு தொப்பி இருக்கிறது. ஒன்றை தியோஜென் போட்டுக்கொண்டு திரிந்தான்.

போட்டி நாளன்று மத்தியானம் வரை என் தூண்டிலில் ஒன்றும் சிக்கவில்லை. சாப்பாடு முடிந்து தியோஜென் படகுவீட்டுக்குள் படுத்துவிட்டான். எலோடி மாதா கோவிலில் இருந்தாள். நான் துறையில் உட்கார்ந்து முன்பக்கக் கயிற்றை அறுத்தேன். பின்பக்கக் கயிறு இருந்ததால் படகுவீடு அசையவில்லை. படகோடு இருந்த நுனியை மடியில் போட்டு, முழங்கை நீளத்துக்குப் பிரித்து, அரைமணி நேரம் சீவினேன். அதுபோல் ஒரு கயிறு எனக்கு அமைந்ததே இல்லை. தொட்டால் பட்டு மாதிரி இருந்தது. ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பக் கட்டிவிடுவதாகத்தான் இருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "மச்சான், ராத்திரிக்கு என்ன? நேத்து மாதிரி உப்பில்லாம பண்ணிடாதீங்க. அப்புறம், அக்டோபர்ல இங்க இன்னொரு ரூம் இழுக்கலாம்னு இருக்கேன்."

நான் இன்னொரு முறை சீப்பை ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது. சீவிய நுனியைப் பூப்போலத் தண்ணீரில் இறக்கிவிட்டு, எழுந்து போய்ப் பின்பக்கக் கயிற்றையும் அறுத்தேன்.

ஓடை நான்கு மைல் போய் ஆற்றில் விழுகிறது. ஆற்றில் சரக்குப் படகுகள் வரும், நினைத்த இடத்தில் நிற்காது. இதை யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அவனுடைய மிதவைச் சட்டை எங்கள் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மழை வருமோ என்று அதை எடுத்து மடித்து வீட்டுக்குள் வைத்தேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஆற்றுக்கு முந்தின வளைவுக்குப் பக்கத்தில் ஒரு கவசமீன் அந்த நுனியைக் கடித்திருக்கிறது. ஏழடி இரண்டங்குலம், நூற்று எழுபத்தொரு பவுண்டு. அது திமிறிய திமிறலில் படகுவீடு திரும்பி, சைப்ரஸ் மர வேரில் முட்டி நின்றது. ஆற்றுக்கு இன்னும் அரை மைல்தான். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் மீனைத் தூக்கினார்கள், அதற்குப் பிறகுதான் அவனை எழுப்பினார்கள். சரியாகப் பார்த்தால் அவன் உயிரைக் காப்பாற்றியதே என் சீப்புதான்.

ஆனால் பரிசு அவனுக்கு. குறட்டை விட்டவன் பெயர் பலகையில்.

போட்டிக் குழுவிடம் போய் விதியைக் கேட்டேன். தூண்டிலைத் தெரிந்து தண்ணீரில் இறக்கியவருக்கே மீன். தானாக அறுந்து விழுந்த கயிறு என்றால், அது யார் படகில் இருந்ததோ அவருக்கு. அதனால்தான் இன்றைக்கு நானாக உங்களைத் தேடி வந்தேன்.

நீங்கள் நல்ல மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஓவீட் அண்ணே, கயிறு இத்துப்போச்சுன்னு எழுதி மூடிட்டேண்ணே. வீட்டுக்குப் போங்க" என்றீர்கள்.

"இத்துப்போகல தம்பி. நான் அறுத்தேன்."

"சரி, ஒரு சாண் எடுக்கத்தானே அறுத்தீங்க. பின்னாடிக் கயிறு பாரம் தாங்காம தானா அறுந்துடுச்சு. அப்படித்தானே?"

"அதையும் நான்தான் அறுத்தேன்."

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள ஆள் இருக்கறது உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"ஆள் இல்லாட்டி நான் எதுக்குத் தம்பி அறுக்கறேன்?"

அதை அப்படியே எழுதுங்கள். தெரிந்தே அறுத்தேன், ஆள் உள்ளே இருந்தான், ஆறு எங்கே என்று எனக்குத் தெரியும். ஆனால் தூண்டிலைத் தெரிந்தே இறக்கினேன் என்பதை முதல் வரியில் போடுங்கள். குழுவுக்கு ஒரு நகல் வேண்டும்.

எலோடி கேட்டால், நான் மனசாட்சி உறுத்தி வந்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. எட்டு நாளாக எனக்குத் தூக்கமே கிடையாது, அந்தப் பலகையில் அவன் பெயரை எழுதியதிலிருந்து.